விவசாயியும் சொந்தச் சரக்கு வேனும்

தோட்டக்கால் பயிர் செய்யும் குடியானவர்களுள், சொந்தமாக ஒரு சரக்கு வேன் வாங்கிவிடலாமா என்று ஒருமுறையேனும் யோசியாதவர் மிகச் சிலரே. விடியற்காலத்தில் பறித்த கத்தரிக்காய் வரப்போரத்தில் குவிந்து கிடக்க, வருவதாகச் சொன்ன வாடகை வண்டி வாராமற்போய், ஏலம் முடிந்தபின் சரக்குச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்து, கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் தினங்களில், அந்த யோசனை தீர்மானமாகவே ஆகிவிடுகிறது. அவ்வாறு தீர்மானித்து வாங்கியவர்களில் சிலர் நன்றாயிருக்கிறார்கள். சிலர் வண்டியையும் இழந்து, அதற்காக அடகு வைத்த நகையையும் இழந்திருக்கிறார்கள். இவ்விரு வகையாரிடமும் கேட்டறிந்த விஷயங்களை, வாங்க உத்தேசித்திருப்போரின் உபயோகத்திற்காக இங்கே எழுதுகிறோம்.

முன்னாளில் இச்சிறு பாரங்களை மூன்று சக்கர வண்டிகளும், டிராக்டர் டிரெய்லர்களுமே சுமந்து வந்தன. 2005-ஆம் வருஷத்தில் டாடா ஏஸ் என்னும் நான்கு சக்கரச் சிறு வண்டி வெளிவந்தது. 702 சி.சி. அளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினும், முக்கால் டன் பாரமேற்றும் சக்தியும் உடையதாய், குறுகலான கிராமப் பாதையிலும் நுழையக்கூடியதாயிருந்தமையால் அது விரைவிலே பரவிற்று. நம்முடைய ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரிட்டு, இன்று எந்தக் கம்பெனியின் சிறு வண்டியையும் அப்பெயராலேயே அழைக்கிறார்கள். 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டாரின் தோஸ்த் வண்டி வந்தது. அது ஒன்றேகால் டன் ஏற்றவல்லது. இவற்றினும் பெரிய பிக்கப் வண்டிகளும் உண்டு. எது நல்லது என்று கேட்பவருக்கு எமது பதில் ஒன்றே: உமது சரக்கின் எடையையும், சந்தையின் தூரத்தையும், வீட்டிற்கு அருகில் பழுது பார்ப்பவன் எந்த வண்டியை அறிந்திருக்கிறான் என்பதையும் பார்த்து வாங்குக. பக்கத்து ஊரில் உதிரிச் சாமான் கிடைக்காத வண்டி எவ்வளவு உயர்ந்ததாயினும், அறுவடைக் காலத்தில் மூன்று நாள் நின்றுவிட்டால் அதன் உயர்வினால் பயன் இல்லை.

இனி, கணக்கைப் பார்ப்போம். பின்வரும் தொகைகள் உதாரணத்திற்காக வைத்துக்கொண்டவை. வாசகர்கள் தம் ஊர் விலைவாசிப்படி மாற்றிக்கொள்ள வேண்டும். வண்டியின் மொத்தக் கிரயம் ரூ. 10 லட்சம் என்றும், கைப்பணம் ரூ. 2 லட்சம் போக மீதி ரூ. 8 லட்சத்தை நூற்றுக்கு 10 வட்டியில் ஐந்து வருஷத் தவணைக்குக் கடன் வாங்குவதாகவும் கொள்வோம். மாதத் தவணை சுமார் ரூ. 17,000 ஆகும். டிரைவர் சம்பளம் ரூ. 15,000, இன்ஷூரன்ஸ், வரி முதலியவற்றுக்கு மாதந்தோறும் ஒதுக்குவது ரூ. 4,000, டயருக்கும் பழுதுக்கும் ரூ. 4,000. ஆக, வண்டி கொட்டகையில் நின்றாலும் ஓடினாலும் மாதம் ரூ. 40,000 செலவு. இதற்கு மேல் டீசல்: லிட்டர் ரூ. 92 விலையில், லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு ரூ. 7 சொச்சம்.

மாதத்தில் 25 நாள், நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மொத்தச் செலவு கிலோமீட்டருக்கு ரூ. 23 ஆகிறது. அதே வண்டி 10 நாள் மட்டும் ஓடினால் ரூ. 47 ஆகிறது. போகவரத் தூரம் முழுவதற்கும் கிலோமீட்டருக்கு ரூ. 30 வீதம் உள்ளூரில் வாடகை வண்டி கிடைக்குமானால், மாதம் சுமார் 1,740 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டுபவருக்குச் சொந்த வண்டி நஷ்டமே. தம் சரக்கு மட்டும் அவ்வளவு ஓட்டத்தைத் தருமா என்று எண்ணிப் பார்த்தவர் வெகு சிலர். ஐந்து ஏக்கர் காய்கறித் தோட்டக்காரர் ஒருவர், வாங்கி எட்டு மாதத்திற்குப் பிறகே இக்கணக்கைப் போட்டுப் பார்த்ததாக எம்மிடம் சொன்னார். தாமே ஓட்டுவதனால் டிரைவர் சம்பளம் மிச்சம் என்பர் சிலர். மெய்தான்; ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சந்தைக்குப் போய்க் காலை பத்து மணிக்குத் திரும்புபவர் அன்று வயலில் என்ன வேலை பார்ப்பார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

கடனைப் பற்றி ஒரு சங்கதியை விரிவாகச் சொல்லுவது அவசியம். 'பத்து சதவிகித வட்டி' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு கடன்கள் விற்கப்படுகின்றன. ஒன்றில், செலுத்திய அசல் போக மீதமுள்ள பாக்கிக்கு மட்டும் வட்டி கணக்கிடப்படும். மற்றொன்றில், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் ஐந்து வருஷமும் வட்டி போடப்படும். இதற்குப் 'பிளாட்' வட்டி என்று பெயர். மேற்சொன்ன ரூ. 8 லட்சத்திற்கு முதல் வகையில் ஐந்து வருஷ வட்டி சுமார் ரூ. 2,20,000. இரண்டாம் வகையில் ரூ. 4,00,000; மாதத் தவணை ரூ. 20,000. அதாவது பத்து என்று சொல்லப்பட்டது உண்மையில் பதினேழுக்கும் மேலான வட்டியாகும். ஆகையால், வட்டி எத்தனை என்று கேளாமல், "மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், ஆக மொத்தம் நான் கட்டுவது எவ்வளவு?" என்று கேட்டுக் காகிதத்தில் எழுதி வாங்குக. கையெழுத்துப் போடும் அவசரத்தில் இந்தப் பெருக்கலைச் செய்யாதவர்களில் படித்தவர்களும் உண்டு.

தவணையோ மாதந்தோறும் வருவது. விவசாயியின் வருமானமோ பருவந்தோறும் வருவது. வண்டியை இழந்தோர் கதைகளில் பெரும்பாலும் இதுவே காரணம். முருங்கையும் வெங்காயமும் பயிரிட்ட ஒருவர், விலை நன்றாயிருந்த வருஷத்தில், மனைவியின் நகையை வைத்துக் கைப்பணம் கட்டி வண்டி எடுத்தார். அடுத்த வருஷம் வெங்காயம் விலை போகவில்லை. முருங்கை மழையில் பூ உதிர்த்தது. சொந்தச் சரக்கு இல்லாதபோது வாடகைக்கு ஓட்டலாமென்று புறப்பட்டவருக்கு, அதே நிலையிலிருந்த மற்ற வண்டிக்காரர்களும் ஸ்டாண்டிலே வரிசையாக நின்றது தெரியவந்தது. விளைச்சல் குறையும்போது ஊரிலுள்ள எல்லா வண்டிக்கும் சேர்ந்தே வேலை குறைகிறது என்பதை அவர் முன்னமே அறியவில்லை. நான்கு தவணை நின்றது, வண்டி போயிற்று, விற்ற தொகை பாக்கிக்குப் போதவில்லை. நகை இன்னும் மீளவில்லை. "வாடகை வண்டி வராத நாளில் எனக்கு ஆயிரம், இரண்டாயிரம் நஷ்டமாயிருக்கும், அதைப் பொறுக்காமல் இதைத் தேடிக்கொண்டேன்" என்றார். ஆறு மாதத் தவணையைத் தனியே பாங்கியில் வைத்துக்கொள்ள முடியாதவர் புது வண்டி எடுப்பதைச் சற்று ஒத்திப்போடுவதே உத்தமம்.

நன்றாக நடத்துபவர் ஒருவரின் முறையையும் சொல்லவேண்டும். அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தம் காய்களுடன் அயலார் நால்வரின் காய்களையும் பெட்டிக் கூலிக்கு ஏற்றிச் செல்கிறார். திரும்பும்போது வெறும் வண்டியாக வருவதில்லை. புண்ணாக்கு, தவிடு, உர மூட்டை, சில நாள் பலசரக்கு என்று எதையேனும் பேசி வைத்திருக்கிறார். வெற்றுத் திரும்புகை என்பது பாரமேற்றிய ஒவ்வொரு கிலோமீட்டரின் செலவையும் ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்பதை அவர் எழுத்தறிவினால் அல்ல, சில மாத நஷ்டத்தினால் தெரிந்துகொண்டார். வண்டியின் முன்பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. தேதி, புறப்பட்ட மீட்டர், சேர்ந்த மீட்டர், டீசல், வரும்படி ஆகியவற்றைத் தவறாமல் எழுதுகிறார். ஒரு மாதம் டீசல் கணக்கு இடித்ததைக் கொண்டே, காற்று வடிகட்டி அடைபட்டிருந்ததைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

அதிக பாரம் ஏற்றுவதைப் பற்றி எல்லோரும் அறிவர், எல்லோரும் செய்வர். பின்புறத்து ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்துவிட்டால் வண்டி தாங்கும் என்று எண்ணுகிறார்கள். பட்டை தாங்கும், பிரேக்கும் டயரும் அச்சும் முன்போலவே இருக்கும். பாரம் பின்பக்கம் தள்ளி ஏற்றப்பட்டால் முன் சக்கரம் இலேசாகி, வளைவிலே ஸ்டீரிங் சொன்ன சொல் கேளாது. 2019-ஆம் வருஷத் திருத்தச் சட்டப்படி, அனுமதித்த எடையை மீறினால் அபராதம் ரூ. 20,000; மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு ரூ. 2,000. ஒரு நடை தக்காளியில் மிச்சமாகும் கூலியைக் கொண்டு இதைக் கட்டுவது எங்ஙனம்? மேலும், தக்காளியை உயரமாக அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்கும். காற்றோட்டமின்றித் தார்ப்பாயால் இறுக மூடினால் கீரை வெந்துபோம். வாழைத்தாரைச் சருகு பரப்பி நிறுத்தி அடுக்குவதே வழக்கம். படுக்கப்போட்டு மேலே பாரம் வைத்தால் காய் கறுத்து விலை குறையும்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது இதனினும் ஆபத்து. களை எடுக்கப் போகும் பெண்களைப் பின்புறத்தில் நிற்கவைத்து அழைத்துச் செல்லும் வழக்கம் எங்கும் காண்கிறது. சரக்குக்கு உடையவரோ அவர் அனுப்பிய பிரதிநிதியோ சரக்குடன் செல்லும்போது இன்ஷூரன்ஸில் இடம் உண்டு. ஆனால் இனாமாக ஏறி வரும் பிரயாணிகளுக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி கவிழ்ந்தால் உயிர்ச்சேதம் ஒருபுறமிருக்க, நஷ்டஈடு முழுவதும் நிலத்தின் மேல் வந்து விழும்.

2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் விற்கப்படும் டீசல் வண்டிகள் பி.எஸ்.-6 விதிக்கு உட்பட்டவை. இவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி உண்டு. குழாய் நன்றாகச் சூடேறும்போது அக்கரி தானே எரிந்துபோகும். தோட்டத்திற்கும் வீட்டிற்குமாக இரண்டு, மூன்று மைல் மட்டும் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தால் சூடேறாமல் கரி அடைத்து, விளக்கு எரிந்து, எஞ்சின் இழுக்காது. ஆகவே இடையிடையே நெடுஞ்சாலையில் ஒரே வேகமாகச் சற்று நேரம் ஓட்டுவது நலம்.

சில வண்டிகளுக்கு இவையன்றி யூரியாக் கரைசல் ஊற்றும் தொட்டியும் உண்டு. யூரியா என்றதும் நம்மவருக்கு மூட்டை நினைவுக்கு வருவது இயற்கை. ஒருவர் வயலுக்கு வாங்கிய யூரியாவைப் போர்க் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். பழுதுக்கான செலவில் ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம். வண்டிக்குரிய கரைசலில் 32.5 சதவிகிதம் சுத்தமான யூரியாவும், மீதி உப்பு நீக்கிய நீருமே இருக்கவேண்டும். வயல் யூரியாவோ 2015 முதல் முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டு வருவது. கிணற்று நீரில் சுண்ணாம்பும் உப்பும் உள்ளன. இவை குழாயையும் ஊசித்துவாரத்தையும் அடைத்துவிடும். தவிர, மானியத்தில் வந்த உரத்தைப் பயிருக்கன்றி வேறொன்றுக்கு உபயோகிப்பது சட்டவிரோதமுமாகும்.

காகித விஷயங்களில் சில சலுகைகள் உண்டு. சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டுவதில்லை. பெரிய பிக்கப்களிற் பல இவ்வரம்பைத் தாண்டும், ஆகையால் வாங்குமுன் கேட்க. இலேசான மோட்டார் வண்டி லைசென்ஸ் உடையவர் 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதியின்றி ஓட்டலாமென்று சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பரில் உறுதி செய்தது. தகுதிச் சான்று வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருஷத்திற்கு ஒருமுறையும், அப்பால் வருஷந்தோறும் பெறவேண்டும். அது காலாவதியான நாளில் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு வழக்காட நேரிடும். கடன் தீர்ந்ததும் பாங்கியின் ஆட்சேபமின்மைக் கடிதத்தையும் 35-ஆம் நமூனாவையும் கொடுத்துப் பதிவுச் சான்றிலிருந்து கடன் குறிப்பை நீக்கிக்கொள்க. கடைசித் தவணையோடு எல்லாம் முடிந்ததென்று இருந்துவிட்ட ஒருவர், மூன்று வருஷம் கழித்து வண்டியை விற்கப்போனபோது, கடன் கொடுத்த கிளையே மூடப்பட்டிருக்கக் கண்டு அலைந்தார்.

பழைய வண்டி வாங்குவோர் எஞ்சின் நம்பர், சாஸி நம்பர் இரண்டையும் பதிவுச் சான்றோடு ஒத்துப் பார்த்து, வரி, அபராதப் பாக்கிகளையும் விசாரிக்கவேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே, காலையில் முதல் தடவையாகக் கிளப்பச் சொல்லிப் பார்க்க. விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்புக. தளத்தின் அடியில் குனிந்து பார்ப்பதும் அவசியம். மீன் ஏற்றிய வண்டியின் அடித்தகடு உப்பு நீரால் அரித்திருக்கும். மேலே புதுச் சாயம் பளபளக்கும்.

மூவர் நால்வர் கூட்டாக ஒரு வண்டி வாங்குவதையும் சில ஊர்களில் காண்கிறோம். பதிவு ஒருவர் பெயரில் இருக்க, மற்றவர் பணம் போட்டதற்கு எழுத்தே இல்லாமலிருப்பது இதில் பெருங்குறை. யார் எந்த நாளில் ஓட்டுவது, பழுதுச் செலவு எவ்விதம் பங்கிடுவது, ஒருவர் விலகினால் அவர் பங்கை என்ன விலைக்கு எடுப்பது என்பவற்றைத் தாளில் எழுதிக்கொண்ட கூட்டு ஒன்று ஆறு வருஷமாக நடந்து வருகிறது. எழுதாத கூட்டு ஒன்று முதல் டயர் மாற்றும்போதே கலைந்தது.

எந்த முடிவுக்கும் வராதவர்கள், வரும் பருவத்தில் மூன்று மாதத்திற்கு, வாடகை வண்டிக்குக் கொடுத்த தொகை, போன தூரம், வண்டி தவறிய நாள்கள், அதனால் விலையில் நேர்ந்த குறைவு ஆகிய நான்கையும் நாள்தோறும் எழுதிவருக. அந்த நோட்டுடன் தம் வட்டார விவசாய ஆபீசுக்கோ பாங்கிக்கோ சென்று யோசனை கேட்பது நலம்.