தானியம் இருந்தது, கையில் காசு இல்லை

தாது வருஷப் பஞ்சம்னு நம்ம பெரியவங்க சொல்வது 1876-78 பஞ்சத்தைத்தான். மழை பொய்த்தது உண்மை. ஆனா அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டே இருந்தது. ரயில் வந்தா பஞ்சம் தீரும் என்றார்கள். எங்கே விலை அதிகமோ அங்கே தானியத்தை ஏற்றிப்போகவும் அதே ரயில்தான் உதவியது.

1874-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மா அரிசியை வரவழைத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. பாராட்டினார்களா? வீண்செலவு என்று ஏசினார்கள்! அதே மனுஷரைத்தான் 1877-ல் வைஸ்ராய் லிட்டன், செலவைக் குறைக்கச் சொல்லிச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்தத் தடவை அவர் ரொம்பச் சிக்கனம். நாள் முழுக்க மண் சுமக்கிற ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம். கூட ஓர் அணா. மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதம் கழித்துத்தான் கூலி கூடியது.

வங்கியில் வேலை பார்த்தவன் நான். செலவுப் பத்தியை மட்டும் பார்க்கிற அதிகாரிகளை நல்லாத் தெரியும். அந்தப் பேரேட்டில் செத்தவங்களுக்குப் பத்தியே கிடையாது. சுமார் 55 லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சென்னைக்காரர்கள் பார்க்கிற பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான்.

வறட்சி முதலில் பறிப்பது கூலிக்காரரின் வேலையை என்று 1880-ல் பஞ்சக் கமிஷனே எழுதியது. வேலை போனா காசு இல்லை. காசு இல்லாதவரைத் தேடி எந்த மூட்டையும் வரலை.