‘என்ன பாவம் செய்தோமோ?’: கல்முனைக் கரையில் கேட்கும் கேள்வி

“என்ன பாவம் செய்தோமோ, இப்படி அனுபவிக்கிறோம்.”

அம்பாறைக் கரையோரத்தில் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் இந்த வார்த்தைகள் என் காதில் விழுகின்றன. பாண்டிருப்பிலும் கேட்டிருக்கிறேன், மருதமுனையிலும் கேட்டிருக்கிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் அதிக உயிர்களைப் பறித்தது இந்த மாவட்டத்தில்தான். யுத்தம் பறித்த உயிர்கள் வேறு.

கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் உள்ள கல்முனையில், பாவத்தைப் பற்றி அதிகம் பேசும் சமயம் என்று பெயரெடுத்தது கிறிஸ்தவம். மனிதர் எல்லோரும் பாவிகள் என்பது அதன் அடிப்படைப் போதனை. அப்படியானால் நமது துன்பம் நமது பாவத்துக்கான தண்டனையா?

முதலில் சொல்லைப் பார்ப்போம். புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் பாவத்தைக் குறிக்கப் பெரும்பாலும் வரும் சொல் ‘ஹமார்த்தியா’. குறி தவறுதல் என்பது அதன் வேர்ப்பொருள். கிறிஸ்தவப் பார்வையில் பாவம் என்பது தனித்தனிக் குற்றங்களின் கணக்கு மட்டுமல்ல, கடவுளை விட்டு மனிதர் விலகி நிற்கும் நிலையும்கூட. ஆதாமில் தொடங்கிய அந்நிலையிலிருந்து சொந்த முயற்சியால் மீள முடியாது, இயேசுவின் சிலுவை மரணத்தின் வழியாகக் கடவுளே மீட்கிறார் என்கிறது போதனை. கத்தோலிக்கர் இதை மீட்பு என்பர், மெதடிஸ்தர் இரட்சிப்பு என்பர். இஸ்லாம் இங்கே வேறுபடுகிறது: குழந்தை பாவமின்றியே பிறக்கிறது, ஆதமின் தவறு அன்றே மன்னிக்கப்பட்டுவிட்டது, ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை.

நமது கேள்விக்கான பதில் லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வழிபாட்டில் இருந்த கலிலேயரை ரோம ஆளுநர் பிலாத்து கொன்ற செய்தி இயேசுவிடம் வருகிறது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்ததை அவரே நினைவூட்டுகிறார். ஒன்று அரச வன்முறை, மற்றது விபத்து. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்கிறார் இயேசு. உயிரோடிருக்கும் நீங்கள் மனந்திரும்புங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

அந்த இரண்டாவது பகுதி நமக்குக் கசப்பானது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் பாவிகள் என்ற போதனையை உண்மையாக எடுத்துக்கொண்டால், பாவம் செய்தவர்கள் மற்றச் சமூகத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று எந்தச் சமூகமும் சொல்ல முடியாது.

ஆனால் இதே போதனையைத் திரித்து, எல்லோரும் பாவிகள்தானே, மறப்போம் மன்னிப்போம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வேதம் அதற்கு இடம் தருவதில்லை. வரி வசூலித்துச் செல்வந்தனான சகேயு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். அதன் பிறகே இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிக்கிறார். திருப்பிக் கொடுப்பது இரட்சிப்பின் விலையல்ல, மனந்திரும்பியதன் அடையாளம். அடியார்களுக்கு இழைத்த அநீதிக்கு, தௌபாவோடு பாதிக்கப்பட்டவரின் உரிமையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இஸ்லாமும் கற்பிக்கிறது.

தென்னாபிரிக்காவில் பேராயர் டெஸ்மன்ட் டுட்டு தலைமை தாங்கிய உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவிலும், பொதுமன்னிப்புக் கேட்டவர்கள் தாங்கள் செய்ததை முழுமையாக வெளிப்படுத்த வேண்டியிருந்தது. இங்கோ காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னமும் அந்த முதற்படிக்காகவே காத்திருக்கிறார்கள்.

கடலும் துவக்கும் எடுத்த பிள்ளைகளுக்காக அந்தத் தாய்மார் தங்கள் பாவக் கணக்கைத் தேட வேண்டியதில்லை. என்ன பாவம் செய்தோம் என்று கேட்க வேண்டியவர்கள், பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களும் அதைக் கண்டும் வாய் திறக்காதவர்களும்தான்.