யாரும் கேட்காத பாட்டுக்கு ஒரு நேயர்!

வானொலியில் பாட்டு வைப்பது ஒரு பெரிய வேலையா? இசைத்தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தால் பாட்டு வந்துவிடுகிறது என்று எண்ணுவோர் பலர். ஆனால் எந்தத் தட்டை எடுப்பது? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

பகல் வேளை என்றால் கவலை இல்லை. ஊரே முணுமுணுக்கும் பாட்டை வைத்தால் போதும். நேயர் விருப்பமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஒருவரும் இதுவரை கேட்டிராத பாட்டை விரும்பி யார் கடிதம் எழுதப் போகிறார்கள்?

அப்படிப்பட்ட பாட்டுகளுக்கு இரவு நேரத்தில் இடம் தேடிக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்து வானொலி நேயர்கள் முப்பத்தேழு ஆண்டுகள் கேட்டு மகிழ்ந்த ஜான் பீல்தான் அவர்.

கடல் நடுவே வானொலி

ஜான் பீல் 1939-ல் லிவர்பூல் நகரின் அருகே பிறந்தார். 1960-ல் அமெரிக்கா சென்று, அங்கே வானொலி வேலை பழகினார். 1967-ல் தாயகம் திரும்பி, "ரேடியோ லண்டன்" என்ற நிலையத்தில் சேர்ந்தார்.

பெயரில்தான் லண்டன். நிலையம் இருந்ததோ கடலில்! தனியார் வானொலிக்கு அந்நாளில் பிரிட்டனில் அனுமதி இல்லை. ஆகவே கரைக்கு அப்பால் ஒரு கப்பலை நங்கூரமிட்டு நிறுத்தி, அதிலிருந்து ஒலிபரப்பினார்கள்.

நள்ளிரவு 12 மணி முதல் 2 மணி வரை பீலின் நேரம். அந்த வேளையில் அவர் என்ன செய்கிறார் என்று கவனிக்க ஆள் இல்லை. விளம்பரத்தையும் செய்தியையும் ஒதுக்கிவிட்டு, தம் மனத்துக்குப் பிடித்த தட்டுகளை வைத்தார். இளைஞர்கள் தூக்கத்தை விட்டுக் கேட்டார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய சட்டம் வந்தது. கப்பல் வானொலி ஓய்ந்தது. செப்டம்பர் இறுதியில் பி.பி.சி. "ரேடியோ 1" என்ற புதிய அலைவரிசையைத் தொடங்கியது. பீல் அதில் சேர்ந்தார்; கடைசி வரையில் அங்கேயே இருந்தார்.

தடையே வழி ஆயிற்று

பி.பி.சி.யில் ஒரு சங்கடம் இருந்தது. இசைத்தட்டுகளை இஷ்டம் போல் ஒலிபரப்ப முடியாது. தட்டுகளே ஒலித்தால் வாத்தியக்காரர்களுக்குப் பிழைப்பு ஏது? ஆகவே நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம்தான் தட்டு வைக்கலாம் என்று ஒப்பந்தம். அதற்கு "ஊசி நேரம்" என்று பெயர்.

மீதி நேரத்தை நிரப்பக் கலைஞர்களை நேரில் அழைத்துப் பாட வைக்க வேண்டும். பீல் இதையே வாய்ப்பாகப் பயன்படுத்தினார். தட்டு வெளியிடாத, பெயர் தெரியாத குழுக்களைக்கூட நிலையத்துக்கு அழைத்தார். பெரும்பாலும் ஒரே நாளில் நான்கு பாட்டுகள் பதிவாகும். இப்படி 4,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் நடந்தன. "தி பால்" என்ற ஒரு குழு மட்டும் 24 முறை வந்தது!

பிரியாணியும் பாட்டும்

பாட்டைத் தேர்ந்தெடுப்பவருக்குச் சிபாரிசும் வரும், சில சமயம் சாப்பாடும் வரும்! 1983-ல் ஒரு நாள், காளான் பிரியாணி கிடைத்தால் தேவலை என்று பீல் ஒலிபரப்பிலேயே ஏக்கத்தோடு சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பில்லி பிராக் என்ற இளம் பாடகர், பிரியாணிப் பொட்டலமும் தம் இசைத்தட்டுமாக நிலையத்தில் வந்து நின்றார்.

பீல் அன்றே அந்தத் தட்டை வைத்தார் — ஆனால் தவறான வேகத்தில்! பிரியாணி வராவிட்டாலும் இந்தத் தட்டை வைத்திருப்பேன் என்று அவர் கூறியதுதான் முக்கியம். பில்லி பிராக் பின்னர் பிரபல பாடகர் ஆனார்.

கோபித்துக்கொண்ட நேயர்கள்

நேயர்களின் அன்பைப் பெறுவது எளிது. அவர்கள் கோபத்தைத் தாங்குவது கடினம். 1976 வரை பீல் நீண்ட, சாவகாசமான பாட்டுகளை வைத்து வந்தார். அவ்வாண்டு மே மாதம் அமெரிக்காவின் "ரமோன்ஸ்" குழுவின் தட்டு அவர் கைக்கு வந்தது. இரண்டே நிமிஷத்தில் முடியும் முரட்டுப் பாட்டுகள். துணிந்து வைத்தார். இம்மாதிரிப் பாட்டை இனி வைக்காதீர்கள் என்று பழைய நேயர்கள் கடிதம் எழுதினார்கள். அவர் மேலும் வைத்தார். பழையவர்கள் சிலர் போனார்கள். சிறுவயதுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

நேயர்களின் தீர்ப்பையும் அவர் கேட்காமல் இல்லை. ஆண்டு முடிவில் சிறந்த ஐம்பது பாட்டுகளுக்கு வாக்களிக்கச் சொல்வார். முதல் முறை, 1976-ல், முதலிடம் பெற்றது ஐந்தாண்டுப் பழைய பாட்டு! ஆண்டுதோறும் பழைய பாட்டுகளே மேலே வரக் கண்டு, 1982 முதல் அந்தந்த ஆண்டில் வந்த பாட்டுகளுக்கே வாக்கு என்று விதியை மாற்றிவிட்டார்.

ஒரே பாட்டு, இரண்டு முறை!

1978-ல் வட அயர்லாந்தின் டெரி நகரத்து இளைஞர் குழுவான "அண்டர்டோன்ஸ்" ஒரு சிறு தட்டு வெளியிட்டது. அதில் "டீனேஜ் கிக்ஸ்" என்ற பாட்டைப் பீல் ஒலிபரப்பினார். முடிந்ததும் அதையே உடனே மறுபடியும் வைத்தார்! விரைவில் ஓர் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி அந்த இளைஞர்களை ஒப்பந்தம் செய்துகொண்டது.

2004 அக்டோபர் 25-ல், பெரு நாட்டுக்குச் சென்றிருந்தபோது, பீல் மாரடைப்பால் காலமானார். வயது 65. கிராமத்து வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்த நீண்ட இசைத்தட்டுகள் சுமார் 26,000. சிறு தட்டுகள் சுமார் 40,000.

நேயர் விரும்பியதைத் தருவது நல்ல தொண்டு. ஆனால் இன்று எல்லோரும் விரும்பும் பாட்டும் ஒரு நாள் ஒருவருக்கும் தெரியாத பாட்டாகத்தானே இருந்தது? அன்று பொறுமையாக உட்கார்ந்து அதைக் கேட்க ஒருவர் இருந்திருக்க வேண்டும். ஜான் பீல் அந்த முதல் நேயராக இருந்தார்.