ஒட்டுத் தெரியாத பொம்மை

புரட்டாசி பிறந்தால் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் உள்ள தமிழ் வீடுகளில் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகள் இறங்கிவிடும். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி நவராத்திரி மண்டபத்துக்கு எழுந்தருளும் முன் நம் வீட்டுப் படிகளும் தயாராக வேண்டுமே! ஆனால் பெட்டியைத் திறந்தால், போன வருஷம் நன்றாக இருந்த தசாவதாரத்தில் ஒருவருக்குத் தோளில் கோடு விட்டிருக்கும், இன்னொருவருக்குக் கை கழன்றிருக்கும். "தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம்" என்பார்கள் வீட்டுப் பிள்ளைகள். அம்மா கொடுத்த பொம்மையைத் தூக்கிப் போட எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? அக்கம்பக்கத்து வீடுகளின் மரப் பொம்மைகளைச் செப்பனிட்டுக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. அதனால் தெரிந்ததை எழுதுகிறேன்.

நம் கொலுவில் இருக்கும் வர்ண மரப் பொம்மைகளில் பல, ஆந்திரத்தில் விஜயவாடாவுக்கு அருகிலுள்ள கொண்டபள்ளியில் செய்தவை. தெல்ல பொணிகி என்ற மிக லேசான மரத்தை முதலில் சூட்டில் ஈரம் போக உலர்த்துகிறார்கள். பிறகு உடல், கை, கால் என்று தனித்தனியே செதுக்கி ஒட்டுகிறார்கள். ஒட்டும் பசை புளியங்கொட்டை மாவும் மரத்தூளும் சேர்ந்தது. அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'மக்கு'. நம் தச்சர்களும் சந்தை அடைக்கும் பூச்சுக்கு அதே பெயரைத்தான் சொல்கிறார்கள். (பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நமக்கு வைத்த பெயரும் அதுதான், அது வேறு கதை!) மக்கு காய்ந்தபின் வெள்ளைச் சுண்ணப் பூச்சு, அதன் மேல் வர்ணம். ஒட்டு இருந்த இடமே தெரியாது.

அப்படியானால் இங்கே ஏன் கோடு விடுகிறது? மரம் ஈரத்தை உறிஞ்சினால் குறுக்கே உப்பும், ரேகையின் நெடுக்கே அநேகமாக நீளாது. உடலுக்கு ஒரு பக்கமும் கைக்கு ஒரு பக்கமுமாக ரேகை ஓடினால், இரண்டும் இரண்டு விதமாக அசையும். திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழை, பின்னாலேயே வடகிழக்கு. மரத்துக்கு ஓய்வே கிடையாது. கல்லைப் போல இறுகும் பட்டியை அந்தச் சந்தில் அடைத்தால் மரம் அசையும், பட்டி அசையாது. அடுத்த மழைக்கு அதே இடத்தில் கோடு வரும். மரத்தூள் சேர்ந்த மக்குதான் மரத்தோடு ஓரளவு ஒத்துப்போகிறது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஆடும் மூட்டை முதலில் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். ஆடுகிற ஒட்டை எந்தப் பூச்சும் மறைக்காது. வறுத்துத் தோல் நீக்கிய புளியங்கொட்டையை மாவாக்கிக் காய்ச்சி, சலித்த மரத்தூளைக் கலந்து பிசையுங்கள். பூச்சி வராமலிருக்கப் புத்தகம் கட்டுபவர்கள் பசையில் சேர்ப்பதுபோல் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடலாம். அவசரமென்றால் ஃபெவிகாலும் மரத்தூளும் போதும். காயும்போது மக்கு சுருங்கும். ஆகவே ஒரே தடவையில் அப்பாமல் மெல்லியதாக இரண்டு முறை, மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி வையுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். காற்றோட்டமான நிழலில் இரண்டு நாளாவது காயட்டும். பிறகு 120 எண் உப்புத்தாள், அடுத்து 220, ரேகையின் போக்கிலேயே. கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஒட்டின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு நகத்துக்குத் தெரியும்.

வெள்ளைப் பூச்சு ஒரு கை கொடுத்தவுடன் ஜன்னலோரம் சாய்வெளிச்சத்தில் பார்த்தால், மறைந்ததாக நினைத்த கோடு மறுபடி சிரிக்கும். பயப்பட வேண்டாம். மறுபடி மக்கு, மறுபடி தேய்ப்பு. அந்தக் கட்டத்தில் அலுத்துப்போய்த் தடிமனாக எனாமல் அடிப்பவர்கள் உண்டு. பளபளப்பு கூடக்கூடக் கோடும் எடுப்பாகத் தெரியும் என்பதுதான் மிச்சம்.

இப்போது வெளிநாட்டிலிருந்து பேரன் பேத்திகளுக்கு, பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் பலகை வீடுகளையும் கொலுப் பூங்காவில் வைக்கிறார்கள். வைக்கட்டுமே! அதற்கும் இதே முறைதான். ஆனால் ஒட்டுப்பலகையின் ஓரத்தில் அடுக்குகள் தெரியும், அந்த ஓரம் வர்ணத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை முதலில் ஓரத்தில் தடவிக் காயவிட்டு, பிறகு மக்கு வையுங்கள். மூலையில் பிதுங்கி வழியும் பசையை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள்.

பழைய பொம்மையில் ஒட்டு இருந்த இடத்துக்கு மட்டும் வர்ணம் கொடுங்கள். முழுப் பொம்மைக்கும் புது வர்ணம் அடித்துத் தரச் சொல்லிக் கேட்கும் வீடுகளில் நான் மறுத்துவிடுவேன். அந்தக் கண்ணையும் புருவத்தையும் வரைந்த கை இப்போது இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த முகமும் அதுதான்.

வேலையை ஓணம் முடிந்த கையோடு தொடங்கினால் சரியாக இருக்கும். மயில்துத்தம் விஷம். மிஞ்சிய மக்கைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள்.