தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர்... குடும்ப வரலாற்றைக் குழப்பமில்லாமல் எழுதுவது எப்படி?

'கொள்ளுத்தாத்தா தாது வருஷம் பொறந்தவர்' என்று வீட்டுப் பெரியவர் சொன்னதும், கூகுளில் தேடி 1936 என்று எழுதிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். தமிழ் ஆண்டுகள் 60. சுற்று முடிந்தால் அதே பெயர் மறுபடி வரும். 1936-க்கு முன்பு 1876-லும் தாது வருஷம் வந்தது. அப்போது வந்த கொடிய பஞ்சத்தைத்தான் இன்றும் 'தாது வருஷப் பஞ்சம்' என்கிறோம். ஆண்டை மாற்றி எழுதினால் 60 வருடம் பிசகிவிடும்!

மாதத்தையும் கவனிக்க வேண்டும். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. எனவே தாது வருஷம் தை மாதம் என்றால் 1937 ஜனவரி அல்லது பிப்ரவரி, 1936 அல்ல.

இனிஷியலும் காப்பாற்றாது

அடுத்த சிக்கல் பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். உதாரணத்துக்கு, தாத்தா மு.கருப்பையா. அவர் மகன் க.முத்து. பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்தால் அவரும் மு.கருப்பையாதான்! பழைய பத்திரத்தில் இந்தப் பெயரைப் பார்த்தால் யார் என்று எப்படிச் சொல்வது?

அதனால் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் தோராயமான பிறந்த ஆண்டு, ஊர், மனைவி அல்லது கணவர் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் இருவரும் ஒருவராகிவிட மாட்டார்கள்.

யார் சொன்னது?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் தகவல். அடுத்து, அதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் அல்லது எந்த ஆவணத்தில் இருந்தது என்ற விவரம். மூன்றாவதில் 'உறுதி', 'சந்தேகம்' என்ற குறிப்பு.

அத்தை ஒன்று சொல்லி, சித்தப்பா வேறு சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை அடித்துவிட்டால், பின்னால் சான்று கிடைக்கும்போது சரிபார்க்க வழியிருக்காது. சித்தப்பாவே அத்தை சொல்லிக் கேட்டதைத்தான் சொல்கிறார் என்றால், அது ஒரு சாட்சிதான், இரண்டு அல்ல.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியையும் அப்படியே நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்க்க வயது பொருந்த வேண்டும் என்று ஒரு தேதியைச் சொல்லி எழுதவைத்த வீடுகள் ஏராளம். ஜாதகம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பரணில் இருக்கும் புதையல்

கல்யாணப் பத்திரிகை: இரு வீட்டாரின் பெற்றோர், ஊர், தேதி எல்லாம் அச்சில் இருக்கும். பல பத்திரிகைகளில் தாத்தா, பாட்டி பெயரும் கிடைக்கும்.

மொய் நோட்டு: எந்த ஊரில் யார் உறவு என்று ஊர்வாரியாகவே தெரிந்துவிடும்.

நிலப் பத்திரம்: 'இன்னார் குமாரர் இன்னார்' என்று தந்தை பெயரோடு எழுதும் வழக்கம் உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அண்ணன் தம்பிகள் மொத்தப் பேரும் வரிசையாக வந்துவிடுவார்கள்.

ஆனால் பழைய பத்திரங்களில் பெண்கள் பெயர் குறைவு. பாட்டியின் அம்மா பெயர் என்ன, அவர் பிறந்த ஊர் எது என்பது பெரும்பாலும் யாரோ ஒருவரின் நினைவில்தான் இருக்கும். அதை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போட்டோவுக்கும் பெயர் வையுங்கள்

பழைய குரூப் போட்டோவை மொபைலில் படமெடுத்து, ஆண்டு, ஊர், நிகழ்ச்சி என்று ஃபைலுக்குப் பெயர் கொடுங்கள். அசல் படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதலாம். பால்பாயின்ட் பேனா வேண்டாம். முன்பக்கம் தடம் பதியும்.

பத்திரங்கள் பீரோவில் காத்திருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அடுத்த மாதம்கூடப் போகலாம். அந்தப் போட்டோவில் இரண்டாவது வரிசையில் நிற்பது யார் என்று சொல்லக்கூடிய பெரியவருக்கு 85 வயது ஆகியிருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.