ஆண்களின் மறைவிடத்தில் தோன்றும் சிறு பருக்கள்: எல்லாம் நோயல்ல

பயற்றஞ்செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவை நோயல்ல, மண்ணுக்கு வளம் சேர்ப்பவை என்பது எமது கமக்காரர்களுக்குத் தெரியும். கத்தரி, தக்காளி வேரில் காணப்படும் முடிச்சுகளோ பெரும்பாலும் புழுவின் வேலை. எது இயல்பு, எது நோய் என்று பிரித்தறியத் தெரிந்தால் வீணாக மருந்தடிக்க வேண்டியதில்லை. எமது உடலுக்கும் இது பொருந்தும்.

ஆண்குறியிலோ விதைப்பையிலோ சிறு பருக்களைக் கண்டதும் பல ஆண்கள் பயந்துவிடுகிறார்கள். பாலியல் நோயோ என்று மனதுக்குள் புழுங்குகிறார்கள். வெளியில் சொல்ல வெட்கம். இதனால் கலியாணப் பேச்சைத் தள்ளிப்போடும் இளைஞர்களும் உண்டு. கணவன் மனைவிக்கிடையே வீண் சந்தேகமும் எழலாம். இடம்பெயர்ந்து, ஒரு கூரையின் கீழ் பலர் நெருங்கி வாழும்போது மனம்விட்டுப் பேசவும் இடம் கிடைப்பதில்லை. எனவே இதைப் பற்றித் தெளிவாக அறிந்துகொள்வோம்.

தீங்கற்றவை

முதலாவது, முத்துப் பருக்கள். ஆண்குறியின் மொட்டு விளிம்பைச் சுற்றி ஒரு வரிசையாகவோ சில வரிசைகளாகவோ இவை காணப்படும். குரக்கன் மணியளவில், 1 முதல் 3 மில்லிமீற்றர் வரை இருக்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வடிவம். பருவமடைந்த பின் தோன்றி, வயது ஏற ஏற மங்கிவிடும். இளைஞர் பலரிடம் இவை உண்டு.

இரண்டாவது, எண்ணெய்ச் சுரப்பிப் புள்ளிகள். ஆண்குறியின் தண்டிலும் விதைப்பையிலும் வெளிர் மஞ்சள் அல்லது வெண்ணிறத்தில் தெரியும். தோலை இழுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும்கூட இதே புள்ளிகள் வருவதுண்டு. 1896 இல் இவற்றை விவரித்த அமெரிக்கத் தோல் வைத்தியர் போர்டைஸ் என்பவரின் பெயராலேயே இவை அழைக்கப்படுகின்றன.

மூன்றாவது, விதைப்பையில் வரும் கருஞ்சிவப்புப் புள்ளிகள். நடுவயதுக்குப் பின் கூடுதலாகக் காணப்படும். தோலிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவதால் உண்டாகின்றன. சொறிந்தால் இரத்தம் கசியலாம். சுத்தமான துணியால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அடிக்கடி கசிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இம்மூன்றும் தொற்றுவதில்லை. பொதுவாக நோவோ கடியோ இருக்காது. அசுத்தத்தாலோ தவறான நடத்தையாலோ வருவனவல்ல. பிள்ளைப்பேற்றுக்கும் தடையில்லை. மருந்தும் தேவையில்லை.

வைத்தியரிடம் காட்ட வேண்டியவை

• ஒழுங்கற்ற வடிவில், சொரசொரப்பாக, நாளுக்கு நாள் பெருகும் மருக்கள். இவை வைரசுக் கிருமியால் வருபவை. கிருமி தொற்றிப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். ஆகவே மருவைக் கண்டதும் துணைவரைக் குற்றஞ்சாட்டுவது நியாயமல்ல.

• நடுவில் சிறு குழியுள்ள, மினுமினுப்பான பருக்கள்.

• நோவில்லாத புண். இது சிபிலிசு நோயாக இருக்கலாம். சில வாரங்களில் புண் தானாக ஆறினாலும் நோய் உடலுக்குள் தங்கிவிடும். பெனிசிலின் ஊசியால் குணப்படுத்தலாம்.

• கூட்டமாக எழும் நோவுள்ள நீர்க்கொப்புளங்கள்.

• இரவில் கடுமையாகக் கடிக்கும் பருக்கள். விரல் இடுக்கிலும் கடி இருந்தால், வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால், அது சொறியாக இருக்கலாம். நெருக்கமாக வாழும் இடங்களில் இது விரைவில் பரவும். குடும்பத்தார் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். உடுப்பு, படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிட வேண்டும்.

• ஆறாத புண், வளரும் கட்டி, விதையில் கெட்டியான வீக்கம்.

செய்யக்கூடாதவை

பருக்களை நெரிக்கவோ கிள்ளவோ வேண்டாம். சுண்ணாம்பு, அசிற், கைகால் மருவுக்கு விற்கப்படும் திரவம் எதையும் பூச வேண்டாம். அவ்விடத்துத் தோல் மிக மெல்லியது, வெந்து புண்ணாகிவிடும். இல்லாத நோய்க்கு மருந்து வாங்கிக் கடன்படவும் வேண்டாம். ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றவர் விழுங்குவதும் ஆபத்து. தினமும் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும்.

எங்கே செல்வது?

சந்தேகம் இருந்தால் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்கள் விபரம் இரகசியமாகப் பேணப்படும். முத்துப் பருக்களைப் பெரும்பாலும் வைத்தியர் பார்த்த மாத்திரத்திலேயே இனங்காண்பார். நோய் என்று தெரியவந்தால் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் மட்டும் மருந்தெடுத்தால் சில நோய்கள் திரும்பவும் தொற்றும்.

தகப்பன்மாரே, வளர்ந்த மகனுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவன் பல நாள் பயத்தைப் போக்கிவிடும்.