உஷார்! ஹோம்ஸ்டேயைக் காலி செய்யும் வாரத்தில்தான் பணம் பறிபோகிறது

ஈப்போவுக்குக் குடிவரும் நம்மவர்கள் இப்போது பல வகை. கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் பல்கலைக்கழக வேலை கிடைத்து வரும் குடும்பங்கள், கோயிலுக்கு வரும் குருக்கள், நகைப் பட்டறைக்கு வரும் ஆசாரி, மருத்துவமனைக்கு வரும் டாக்டர். எல்லோரும் முதலில் ஹோம்ஸ்டேயில் இறங்குகிறார்கள். அதுவரை பெரிய பயமில்லை. பிடிக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம், நஷ்டம் இரண்டு நாள் வாடகையோடு போகும். அடுத்து நிரந்தரமாக ஒரு வாடகை வீடு பிடிக்க அலையும் வாரம் இருக்கிறதே, அந்த வாரத்தைப் பற்றித்தான் இந்த எச்சரிக்கை.

கணக்கைப் பாருங்கள். மாத வாடகை 1,000 வெள்ளி என்றால், இங்குள்ள வழக்கப்படி இரண்டு மாத டெபாசிட் 2,000, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத டெபாசிட் 500, முதல் மாத வாடகை 1,000. ஆக 3,500 வெள்ளி ஒரே மூச்சில், நேற்றுவரை முகம் தெரியாத ஒருவர் கணக்குக்குப் போகிறது. மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப் போவதாகப் பல வருடமாகப் பேச்சு அடிபடுகிறது. ஆனால் இன்றைக்கு டெபாசிட் இவ்வளவுக்கு மேல் கேட்கக்கூடாது, இத்தனை நாளில் திருப்பித் தரவேண்டும் என்று கட்டிப்போட ஒரு விதியும் இல்லை. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளும்தான் துணை. அந்தத் தாள் தவறான ஆளோடு போட்டதாக இருந்தால்?

மோசடி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருவன் ஏதோ ஒரு ஹோம்ஸ்டேயை இரண்டு நாளுக்கு எடுக்கிறான். அந்த வீட்டையே படம் பிடித்து, 'நீண்டகால வாடகைக்கு, சாமான்களோடு' என்று பேஸ்புக்கில் போடுகிறான். வாடகை அக்கம்பக்கத்தைவிட இருநூறு முந்நூறு குறைவு. நீங்கள் போனால் கதவைத் திறந்து வரவேற்கிறான், ஏர்கோன் போட்டுக் காட்டுகிறான், குழந்தைக்கு மைலோ கலக்கித் தருகிறான். "அண்ணே, மத்தியானம் இன்னொரு குடும்பம் பார்க்க வருது. இப்பவே டெபாசிட் போட்டீங்கன்னா உங்களுக்கே பிடிச்சு வைச்சிடுறேன்." தமிழில் பேசுகிறான், நம்ம ஆள். மனசு இளகிவிடும். ஹோம்ஸ்டே திங்கட்கிழமை முடிகிறது, கையில் பிள்ளைகள், வேலையில் லீவு இல்லை. இந்த அவசரத்தைத்தான் அவன் விலையாக்குகிறான். ஒரே வீட்டை ஒரே நாளில் நாலைந்து பேருக்குக் காட்டி நாலைந்து டெபாசிட் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவான். சாவி கையில் இருப்பதால் ஒருவர் வீட்டுக்காரர் ஆகிவிட மாட்டார்.

ஆகவே, பணம் போடும் முன் பேப்பர் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், உண்மையான வீட்டுக்காரர் கோபிக்க மாட்டார். ஈப்போ மாநகர் மன்றத்தின் வீட்டு வரி பில், டி.என்.பி. மின்சார பில், பேராக் நீர் வாரியத்தின் தண்ணீர் பில் ஆகியவற்றில் உள்ள பெயரும், அவருடைய அடையாள அட்டையில் உள்ள பெயரும், நீங்கள் பணம் போடப்போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போகிறதா? 'தங்கச்சி கணக்குல போடுங்க' என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகம் தீரவில்லையா, வீட்டு கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) நம்பரை வாங்கிக்கொண்டு நில அலுவலகத்தில் ஒரு தேடல் போடுங்கள். கட்டணம் பெரிதில்லை. சொந்தக்காரர் யார், வீடு எந்த வங்கியில் அடமானத்தில் இருக்கிறது, கேவியட் எனும் தடைக் குறிப்பு ஏதும் விழுந்திருக்கிறதா, எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஏஜெண்ட் என்று சொல்லிக்கொள்பவரிடம் பதிவு எண் கேளுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பெயர்களை அதற்கான வாரியத்தின் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

இன்னொரு பொறி, மோசடிக்காரன் இல்லாமலேயே வரும். ஹோம்ஸ்டே நடத்துபவர் பல இடங்களில் வீட்டுச் சொந்தக்காரர் அல்ல, அவரே வாடகைக்கு எடுத்து நாள்கணக்கில் விடுபவர். சீசன் மந்தமானால் "மாசக் கணக்குல எடுத்துக்குங்களேன், நீங்க இங்கேயே இருந்துடலாம்" என்பார். பெட்டியைக்கூட நகர்த்த வேண்டாம் என்று நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். உள்வாடகைக்கு விட மூல ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று கேட்டு, சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதத்தை வாங்காமல் சரி சொல்லாதீர்கள். அவர் வாடகை கட்டாமல் விட்டால் வாசலில் நிற்கப்போவது நீங்கள். அடுக்குமாடியாக இருந்தால் பராமரிப்புக் கட்டணம் பாக்கி உண்டா என்று நிர்வாக அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். சொந்தக்காரர் கட்டாத பாக்கிக்கு, கீழே நுழையும் அட்டை உங்களுக்கு வேலை செய்யாமல் போகும்.

லெலோங் பற்றியும் சொல்லியாக வேண்டும். வங்கிக் கடன் கட்டாத வீடு ஏலத்துக்குப் போகும்போது, உள்ளே இருக்கும் வாடகைக்காரருக்குப் பல நேரங்களில் கேட்டில் ஒட்டிய நோட்டீஸ்தான் முதல் தகவல். மூன்று வருடம் வரையிலான வாடகை ஒப்பந்தத்தை நில அலுவலகத்தில் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் கிராண்டில் குறிப்பெழுதச் செய்யாத ஒப்பந்தம், அடுத்து வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது. வீட்டைப் பார்க்கப் போகும்போது தபால் பெட்டியையும் பாருங்கள். வங்கிக் கடிதங்கள் பிரிக்காமல் குவிந்து கிடந்தால் கேள்வி கேளுங்கள்.

இனி, எனக்கு மிகவும் பதைப்பூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். சுங்கை சிப்புட், சிம்மோர், கோப்பெங், பத்து காஜா பக்கம் போனால் வாடகை குறைவாக வீடுகள் கிடைக்கும். காற்றோட்டம், பக்கத்தில் கோயில், வாசலில் முருங்கை, சுற்றிலும் நம் மொழி. ஊரிலிருந்து வந்தவருக்குப் பார்த்தவுடன் பிடித்துவிடும். இவற்றில் சில, பழைய ரப்பர் தோட்டங்களின் லயத்து வீடுகள், அல்லது தோட்டம் போன பின் ஓரத்தில் பலகையும் தகரமும் அடித்துக் கட்டியவை. இந்த வீடுகளுக்குப் பெரும்பாலும் குடியிருப்பவர் பெயரில் கிராண்ட் கிடையாது.

காரணம் பழையது. தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுக் கிளம்பியபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் ஒரே நேரத்தில் இரண்டையும் இழந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பில் தோட்டங்களை வாங்கியது இந்தக் கொடுமையைக் கண்டுதான். சங்கத்தின் கை எட்டாத தோட்டங்களில் மக்கள் வாய்ச்சொல்லை நம்பி அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்று அந்த நிலம் ஒரு மேம்பாட்டு நிறுவனத்திடமோ மாநில அரசிடமோ இருக்கும்.

சிலரிடம் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமம் இருக்கும். "இதோ பாருங்க தம்பி, அரசாங்கப் பேப்பர்" என்று ஒரு பெரியவர் காட்டும்போது அவர் பொய் சொல்லவில்லை. நாற்பது வருடமாக அதைக் கட்டிவருகிறார். ஆனால் அந்த உரிமம் ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதியோடும் முடிகிறது, மறுபடி புதுப்பித்தால்தான் உண்டு. இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்தது. அந்தக் காகிதத்தை நம்பிப் பணம் கொடுப்பவருக்கு அதில் ஒரு பிடியும் இல்லை.

பினாங்கு கம்போங் புவா பாலாவை மறந்துவிடாதீர்கள். பழைய தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகள், தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த மக்கள், கூட்டரசு நீதிமன்றம்வரை போராடியும் 2009இல் அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன. பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்த கதி என்றால், இரண்டு மாத டெபாசிட் கொடுத்துவிட்டு உள்ளே போன உங்களுக்கு யார் பதில் சொல்வார்கள்? அங்கே குடியிருக்கும் குடும்பங்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களுக்கு நியாயம் கிடைக்கவேண்டும். ஆனாலும் வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் தன் சேமிப்பை அங்கே கட்டிப்போட வேண்டாம். அந்தப் பக்கம் வீடு வேண்டுமென்றால், தோட்டம் மாறி எழுந்த தாமான்களில் தனி கிராண்ட் உள்ள வீடாகப் பாருங்கள்.

சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் வீடு என்றால் மறுபடியும் யோசியுங்கள். 1973 அக்டோபரில் ஈப்போவின் குனோங் சீரோவில் பாறை சரிந்து அடியில் இருந்த நீள்வீடு நசுங்கி நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். மலை அழகாக இருக்கிறது என்று வாடகை பேசாதீர்கள்.

வீடு சரி, ஆள் சரி என்று தெரிந்த பிறகு ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுங்கள். கையெழுத்திட்ட 30 நாளுக்குள். 1,000 வெள்ளி வாடகையில் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு 48 வெள்ளிதான். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. 48 வெள்ளியை மிச்சம் பிடித்து 2,000 வெள்ளி டெபாசிட்டைக் கோட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள். சாவி வாங்கும் அன்றே சுவர்க்கறை, உடைந்த ஓடு, கரையான் அரித்த கதவு நிலை, எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மின்சார மீட்டரின் எண்ணோடு அதன் சீலையும் நெருக்கமாகப் படம் எடுங்கள். சீல் அறுந்திருந்தால் குடிபுகும் முன் டி.என்.பி.க்குச் சொல்லவேண்டும், பழைய ஆள் செய்த மீட்டர் திருட்டு உங்கள் தலையில் விடியக்கூடாது.

வாடகைத் தகராறு வந்தால் வீட்டுக்காரர் பூட்டை மாற்றி உங்களை வெளியே தள்ள முடியாது, நீதிமன்ற உத்தரவு வேண்டும். குறித்த நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 7ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பாஸ்போர்ட்டை 'உத்தரவாதமாக' யாரிடமும் கொடுக்காதீர்கள், அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதே குற்றம். டெபாசிட் திரும்பி வராவிட்டால் 5,000 வெள்ளிவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுவழக்குப் பிரிவில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம்.

ஒருவேளை பணம் போய்விட்டது, ஆள் போனை எடுக்கவில்லை என்றால் அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. உடனே 997க்கு அடியுங்கள், அது தேசிய மோசடி நடவடிக்கை மையம். அதே மூச்சில் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் உண்டு. பிறகு பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். அவன் அனுப்பிய படங்கள், குரல் பதிவுகள், கணக்கு எண், ரசீது எதையும் ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள்.